ஏழாம் வகுப்பு விடைத்தாளைத் தூக்கி எறியாதீர்கள்

பருவத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் திருத்தப்பட்ட விடைத்தாள்கள் வீட்டுக்கு வருகின்றன. ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அறிவியல் தாளை நீட்டுகிறது. தந்தையார் மேல் மூலையில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறார். எண் பெரியதாயின் ‘மாஷா அல்லாஹ்’ என்கிறார். சிறியதாயின் நான்கு வார்த்தை கடிந்துகொள்கிறார். எதுவாயினும் மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டுத் தந்துவிடுகிறார். அதன்பின் அந்தத் தாளின் கதி என்ன? பழைய தாள் வாங்குபவரின் மூட்டைக்குப் போகிறது. அல்லது பலகாரம் மடிக்கும் காகிதமாகிறது. உள்ளே பிள்ளை என்ன எழுதியிருக்கிறது, எவ்விடத்தில் தவறியது, ஏன் தவறியது என்பதை அந்த வீட்டில் ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை.

அதே பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு ஒரு டியூஷன், அஸருக்குப் பின் இன்னொரு டியூஷன். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக்கூடப் பிள்ளையை அழைத்துச் செல்வதில்லை. வீடே தேர்வுக்கூடமாகி, உம்மா தஸ்பீஹும் கையுமாக அமர்ந்துவிடுகிறார். மூன்றாண்டுகளாக ஒருவரும் எட்டிப் பார்க்காத அஸ்திவாரத்தின்மீது பத்தே மாதத்தில் மாடி கட்டிவிடத் துடிக்கிறோம். எல்லாச் சமுதாயத்திலும் இவ்வழக்கம் உண்டு என்றாலும், நம் வீடுகளில் அதன் விலை சற்றே அதிகம். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புத் தேர்வுகளைப் பெற்றோர் பொருட்படுத்தாமல் போனதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் தேறவில்லை என்று அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்திக்கொள்ள மாநிலங்களுக்கு இடமளித்தது. தமிழக அரசும் அவ்விரு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் நேரடிப் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் பழைய விதியை நீக்கியபோது, எங்கள் பள்ளிகளில் அது தொடரும் என்று தமிழகம் கூறிவிட்டது. பதினோரு வயதுப் பிள்ளையின் நெற்றியில் ‘தோல்வி’ என்று எழுதக்கூடாது என்பது இதன் நோக்கம். அது நல்ல நோக்கமே. ஆனால், ‘தோல்வி இல்லை’ என்பதை ‘தேர்வே இல்லை’ என்று நாம் விளங்கிக்கொண்டோம். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டு முறையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். ஒவ்வொரு பருவத்திலும் 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கும், 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் என்று வகுத்தார்கள். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் நிலையை அறிந்து, அறிந்ததற்கேற்பக் கற்பித்தலை மாற்றிக்கொள்வது வளரறி மதிப்பீடு. நல்ல தமிழில் நல்ல பெயர் வைத்தார்கள். நடந்ததோ வேறு. செயல்திட்டம் என்ற பெயரில் கடையில் விலைக்கு வாங்கிய வண்ணப்படங்களும், வாப்பா இரவு விழித்திருந்து ஒட்டிக்கொடுத்த அட்டை மாதிரிகளும் பள்ளிக்குப் போய், 40க்கு 38 வாங்கி வந்தன. அந்த 38 பிள்ளையின் அறிவைக் காட்டவில்லை. ஒட்டுப்பசையின் தரத்தைத்தான் காட்டிற்று.

இனி, பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அண்மை ஆண்டுகளின் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. நான்கு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று. பாடங்களோ இயக்க விதிகள், ஒளியியல், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல் என்று தொடங்கிக் கரைசல்கள், வேதிவினைகள், தாவரச் செயலியல் என்று விரிகின்றன. இவற்றில் எதுவும் பத்தாம் வகுப்பில் திடீரென முளைத்ததன்று. விசையும் இயக்கமும், வெப்பமும் வெப்பநிலையும், ஒளி, மின்னோட்டம், அணு அமைப்பு ஆகிய யாவும் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. எட்டிலும் ஒன்பதிலும் பெரும்பாலானவை மீண்டும் வருகின்றன. ஒரே பாடம் மூன்று நான்கு படிகளாக ஏறிவருகிறது. ஆகவே ஏழாம் வகுப்பில் வாங்கிய பிழை ஏழாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. அதுவும் பிள்ளையோடு படியேறி வருகிறது.

பிள்ளையின் பிழைகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. படிக்காததால் விட்ட இடம் ஒரு வகை. அதில் அச்சப்பட ஒன்றுமில்லை, படித்தால் சரியாகிவிடும். படித்ததைத் தவறாக விளங்கிக்கொண்டு உறுதியோடு எழுதும் பிழைதான் ஆபத்தானது. அதனைப் பிள்ளையும் அறியாது, மதிப்பெண்ணும் காட்டிக்கொடுக்காது.

ஒரு மின்கலம், இரண்டு ஒரே மாதிரியான மின்விளக்குகள், வரிசையாக ஒரே சுற்றில் இணைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எது அதிக வெளிச்சம் தரும்? ‘முதல் விளக்கு’ என்று பிள்ளைகளில் பலர் கூறுவர். முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது, மீதிதான் அடுத்ததற்குப் போகிறது என்பது அவர்கள் கணக்கு. பந்தியில் முதலில் அமர்ந்தவருக்குக் கறி அதிகம் விழும் என்பதைப் போல! உண்மையில் வரிசை இணைப்பில் எல்லா இடத்திலும் ஒரே அளவு மின்னோட்டமே பாய்கிறது. இரண்டும் ஒரே அளவில்தான் ஒளிரும். இந்தப் பிழையுடன் மேல் வகுப்புக்குச் சென்ற பிள்ளை, பத்தாம் வகுப்பில் ஓமின் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும். சூத்திரத்தை அழகாக எழுதும். ஆனால், வரிசை இணைப்பிலும் பக்க இணைப்பிலும் சற்றே மாற்றிக் கேட்ட கணக்கைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடும். இரண்டு, நான்கு மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினா விட்டுவிட முடியாத கட்டாய வினாவாக இருப்பதையும், அது பெரும்பாலும் கணக்காக அமைவதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. வேப்பங்கன்று ஒன்று பத்தாண்டுகளில் பெருமரமாகிறது. அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது? ‘மண்ணிலிருந்து’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் சொல்வோம். ஹெல்மாண்ட் என்ற ஐரோப்பிய அறிஞர், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்துப் பார்த்தார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். 1648ஆம் ஆண்டில் இது நூலாக வெளிவந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அதுவும் பாதிதான் சரி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொண்டே மரம் தன் உடலில் பெரும்பகுதியைக் கட்டிக்கொள்கிறது என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் இந்த மரத்தின் எடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சமன்பாடு நாவில் மட்டும் இருக்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பிழையைக் கண்டுபிடித்தால் அது பிள்ளைக்கு இழிவன்று. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று கிரேக்கப் பேரறிஞர் சிலரே நூல்களில் எழுதிவைத்தார்கள். பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்கள்தான், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற தம் நூலில், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைச் சோதனைகளின் துணைகொண்டு நிலைநாட்டினார். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு ஆராய்ந்தவர் அவர். ஏழாம் வகுப்பு ஒளிப்பாடத்தில் ஊசித்துளைக் காமிரா செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? முன்னோர் பெருமையை மேடையில் முழங்குவதைவிட, ஒரு காலணிப் பெட்டியில் துளையிட்டு எண்ணெய்த் தாள் ஒட்டி, மெழுகுவர்த்திச் சுடர் தலைகீழாக விழுவதைப் பிள்ளைக்குக் காட்டி, ‘ஏன் தலைகீழாக விழுகிறது?’ என்று கேட்பது அவருக்குச் செய்யும் மேலான மரியாதை என்பேன்.

பிழையில் மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது. விடை தெரியும், வினா கேட்டதைத்தான் எழுதவில்லை. ‘வரையறு’ என்றால் இலக்கணம் கூறவேண்டும். ‘வேறுபடுத்துக’ என்றால் இரண்டையும் எதிரெதிரே வைத்து எழுதவேண்டும். ‘காரணம் கூறு’ என்று கேட்டால் ‘ஏனெனில்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியமாவது வேண்டும். நம் பிள்ளைகள் எது கேட்டாலும் அந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்த பத்தியை அப்படியே இறக்கிவைத்துவிட்டு வருகின்றனர். ‘கூற்று, காரணம்’ வினாக்களில் இரண்டு வாக்கியமும் தனித்தனியே சரியாக இருந்தால் போதும் என்று எண்ணி, ஒன்று மற்றதற்குக் காரணமாகிறதா என்று பார்ப்பதில்லை. அலகு எழுதாமல் மதிப்பெண்ணை இழப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவையெல்லாம் ஏழாம் வகுப்புத் தாளிலேயே கண்ணுக்குத் தெரியும். அங்கே திருத்த ஒரு வாரம் போதும். பத்தாம் வகுப்பில் பழக்கம் கெட்டிப்பட்டுவிடும்.

எப்படித் திருத்துவது? இதற்கு நாம் அயல்நாட்டு முறை எதையும் தேடிப் போகவேண்டியதில்லை. நம் மக்தபில் உஸ்தாத் என்ன செய்கிறார்? நேற்றைய பாடத்தைப் பிள்ளை ஓதிக் காட்டாமல் இன்றைய பாடத்தைக் கொடுப்பதில்லை. ஹிஃப்ளு மாணவரோ புதிய ஸபக்கோடு பழைய ஜுஸ்வுகளையும் நாள்தோறும் ஒப்புவிக்கிறார். ஓதும்போது தடுமாறினால் உஸ்தாத் அந்த இடத்தில் நிறுத்தி, திருத்தி, மீண்டும் ஓதச் செய்கிறார். ‘உனக்கு 100க்கு 62’ என்று சொல்லி அனுப்பிவிடுவதில்லை! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் குர்ஆனை ஓதிவந்ததையும், இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு ஓதியதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஓதிக்காட்டலும் கேட்டுத் திருத்தலும் நம் மரபின் உயிர்நாடி. அதே பிள்ளை பள்ளிப் பாடத்துக்கு வந்ததும் அம்மரபை ஏன் வாசலில் கழற்றி வைக்கிறோம் என்பதுதான் விளங்கவில்லை.

இம்முறையின் பலனை ஆய்வாளரும் கண்டிருக்கின்றனர். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடியும் வாசித்த மாணவர்களையும், வாசித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழாயிற்று: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவில் நின்றது, வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான். இன்னும் ஒன்று: ரூத் பட்லர் என்ற உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குத் திருத்தக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு குறிப்பையும் பெற்றவர்களோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைக் கண்டதும் குறிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது போலும். வாப்பா மட்டுமல்ல, பிள்ளையும் அந்த மூலையைத்தான் பார்க்கிறது.

‘எனக்கு அறிவியல் தெரியாதே, நான் எங்கே கேட்பது?’ என்று தாய்மார்கள் தயங்கலாம். தெரியாதது ஒருவகையில் வசதியே. வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரை மணி நேரம் போதும். விடைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புக் கோடு விழுந்த ஒரே ஒரு வினாவை எடுத்து, ‘இதை எனக்குப் புரியும்படி சொல்’ என்று கேளுங்கள். பிள்ளை புத்தக வாக்கியத்தை ஒப்பித்தால், ‘அப்படியென்றால் என்ன?’ என்று மறுபடி கேளுங்கள். தெரிந்த பிள்ளை எளிய சொல்லில் சொல்லும். தெரியாத பிள்ளை அதே வாக்கியத்தை இன்னும் சற்று உரத்த குரலில் சொல்லும். அந்த இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே வினாவை மறுபடியும் கேளுங்கள். பருவம் முடியும்போது இன்னொரு முறை. திட்டக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. திட்டும் வீட்டில் பிள்ளை பிழையை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

கடை வைத்திருக்கும் தந்தைமார்களுக்கு ஒரு வேலை. அடர்த்தி என்பது ஏழாம் வகுப்பில் அளவீட்டியலில் வருகிறது. கடைத் தராசில் சிறு கூழாங்கற்களை 75 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் பாற்புட்டியில் மில்லி லிட்டர்க் கோடுகள் இருக்குமல்லவா? அதில் 100 கோடுவரை நீர் ஊற்றிக் கற்களைப் போட்டால் நீர் 130 கோட்டுக்கு அருகே ஏறலாம். 75ஐ 30ஆல் வகுக்க வேண்டுமா, 30ஐ 75ஆல் வகுக்க வேண்டுமா என்று பிள்ளையையே கேளுங்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம் என்ற விடையைத் தன் கையால் கண்ட பிள்ளை அலகை மறக்காது. செய்முறைக்கு உரிய 25 மதிப்பெண்ணுக்கும் இதுவே முதற்பயிற்சி.

நம் வீடுகளில் இதன் விலை அதிகம் என்று முன்பு சொன்னேன். நாடெங்கும் 6 முதல் 14 வயதுவரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே செல்லாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006ஆம் ஆண்டில் சச்சார் குழு தெரிவித்தது. தமிழகத்து நிலை அதனினும் மேலானதுதான்; 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடாக, மாநிலத்தின் 73.5 விழுக்காட்டைவிட உயர்ந்திருந்தது. எழுத்தறிவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட பாதையில்தான் பிள்ளைகளைத் தவறவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பையன் தடுமாறினால், ‘படிப்பு ஏறவில்லை, மாமாவின் கடைக்கு அனுப்பிவிடலாம்’ என்ற பேச்சு எழுகிறது. பெண்பிள்ளை தடுமாறினாலோ பேச்சே எழுவதில்லை, வீட்டில் இருத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டும் என்று ஏற்கனவே எண்ணியிருந்த வீட்டுக்கு அந்த மதிப்பெண் நல்ல சாக்காகிவிடுகிறது. ஏழாம் வகுப்பில் யாரும் தட்டிக் கேட்காத ஒரு பிழை, பதினான்கு வயதில் ஒரு பெண்ணின் படிப்பையே முடித்துவைக்கிறது. படிப்பு ஏறாத பிள்ளைகளைவிட, பாடம் கேட்க ஆளில்லாத பிள்ளைகளே நம்மிடம் அதிகம் என்பது என் கருத்து.

டியூஷனுக்கு வசதியில்லாத பெற்றோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளுக்கு தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு நடத்தப்படுகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். மனத்திறனில் 90 வினாக்கள், பாடங்களில் 90 வினாக்கள். பாடப் பகுதியில் அறிவியலுக்கு மட்டும் 35. அவை ஏழு, எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்தே வருகின்றன. தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் 12,000 ரூபாய் கிடைக்கும். பெண்பிள்ளையை எட்டோடு நிறுத்த நினைக்கும் வீட்டில் இத்தொகை மிகப் பலமான சிபாரிசு. விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும்; தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 50. ‘கணக்கில் வராது’ என்று நாம் ஒதுக்கிய ஏழாம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் வரும் இடம் இது. விண்ணப்பம் பள்ளியின் வழியாகவே செல்லவேண்டும்; கெடு தேதியை முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.